ராஃப்டிங் உலகப் போட்டியும் டவுன்ரிவர் ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஃப்டிங் என்று பேச்செடுத்தாலே என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கல்லூரிப் பிள்ளைகள் கேட்பதும் அதே, ரிஷிகேஷ் போய்வந்த ஐ.டி. நண்பர்கள் கேட்பதும் அதே. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்து வருவதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

ராஃப்டிங்னா ஜாலிக்குப் போறது. அதுல என்னங்க போட்டி?

ஜாலியும் உண்டு, போட்டியும் உண்டு. காற்றடைத்த படகு, ஆளுக்கொரு துடுப்பு, பாறையும் பள்ளமுமாக இறங்கும் ஆறு. யார் முதலில் கீழே போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் அடிப்படை. உலகப் போட்டியில் இதை நான்கு பிரிவாக நடத்துகிறார்கள். ஸ்பிரிண்ட் என்பது ஆற்றின் ஒரு சிறு துண்டில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டம். ஹெட் டு ஹெட்டில் இரண்டு படகுகள் ஒன்றாகக் கிளம்பும், தோற்ற படகு வெளியே. ஸ்லாலமில் ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கும் ஜோடிக் குச்சிகளுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். சில வாயில்களுக்குள் ஓட்டத்தை எதிர்த்து ஏறித்தான் நுழைய முடியும். குச்சியை உரசினால் 5 விநாடி, வாயிலையே விட்டுவிட்டால் 50 விநாடி கூட்டிவிடுவார்கள்.

நான்காவது டவுன்ரிவர். ஆற்றின் நீண்ட பகுதி முழுவதையும் நிற்காமல் துடுப்புப் போட்டுக் கடப்பது. இந்தப் பக்கம் முக்கியமாக அதைப் பற்றித்தான். மதிப்பெண்ணிலும் அதற்குத்தான் எடை அதிகம்: ஸ்பிரிண்ட் வென்றால் 100, ஹெட் டு ஹெட் 200, ஸ்லாலம் 300, டவுன்ரிவர் 400. ஆக மொத்தம் 1000.

இதை யார் நடத்துறாங்க? ஒலிம்பிக்ஸ்ல இருக்கா?

ஒலிம்பிக்ஸில் இல்லை. அங்கே நீங்கள் பார்ப்பது கயாக், கனோ ஸ்லாலம்; ஒருவர் மட்டும் ஓட்டும் ஒல்லிப் படகு. ராஃப்டிங்கின் உலக சாம்பியன்ஷிப்பை சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு (ஐ.ஆர்.எஃப்.) நடத்துகிறது. அது 1997-இல் உருவானது.

ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. 1989-இல் சோவியத் யூனியனின் அல்தாய் மலைகளில் ஓடும் சூயா ஆற்றில் பல நாட்டு ராஃப்டிங் குழுக்கள் கூடினார்கள். பனிப்போர் முடியும் தறுவாய். அமெரிக்கர்களும் சோவியத் ஆட்களும் ஒரே ஆற்றில் துடுப்புப் போட்டது அன்றைக்குப் பெரிய செய்தி. அதன் பிறகு உலகப் போட்டி பல ஆறுகளைப் பார்த்துவிட்டது: 2003-இல் செக் குடியரசு, 2005-இல் எக்வடோர், 2009-இல் போஸ்னியா, 2013-இல் நியூசிலாந்து, 2015-இல் இந்தோனேசியாவின் சித்தாரிக் ஆறு, 2017-இல் ஜப்பானின் யோஷினோ ஆறு, 2019-இல் ஆஸ்திரேலியாவின் டல்லி ஆறு, 2022-இல் மறுபடி போஸ்னியா.

டவுன்ரிவர் எவ்வளவு நேரம் ஓடும்? மாரத்தான் மாதிரி நாலு மணி நேரமா?

இல்லை. ஆற்றைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதானா என்று முகத்தைச் சுளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் முழுவதும் துடுப்பு நிற்காது என்பதுதான் விஷயம். ரிஷிகேஷில் சிவ்புரியிலிருந்து ஊர் வரைக்கும் ஏறத்தாழ 16 கிலோமீட்டரை இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்குவோம். அதில் பாதி நேரம் படகு தானாக மிதக்கும், நாம் போட்டோவுக்குச் சிரிப்போம், நடுவில் கரையேறி மேகி சாப்பிடுவோம். போட்டியில் மிதப்பது என்ற பேச்சே கிடையாது.

ஆர்4, ஆர்6ன்னு ஏதோ சொல்றாங்களே?

படகில் எத்தனை பேர் என்பதுதான். ஆர்4 என்றால் நான்கு பேர், ஆர்6 என்றால் ஆறு பேர். கூடவே ஒரு மாற்று ஆள். ஆர்6 படகு நீளம், கனம். நேரே போகும்போது வேகம் எடுக்கும், திருப்புவது சிரமம். ஆர்4 சொன்னபடி கேட்கும், ஆனால் ஒருவர் அரை நிமிடம் சோர்ந்தாலும் கால் பங்கு சக்தி போய்விடும். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத படகு அது. புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கு ஆர்4-ஐத்தான் சொல்வேன். காரணம் வீரதீரம் எதுவும் இல்லை: ஒரே நேரத்தில் லீவு கிடைக்கிற ஆறு பேரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

பெண்களுக்குத் தனி ஆறா? வயசு வரம்பு உண்டா?

அதே ஆறு, அதே மாதிரிப் படகு. மதிப்பெண் பட்டியல் மட்டும் தனி. வயதில் 19-க்குக் கீழ், 23-க்குக் கீழ், பொதுப் பிரிவு, 40-ஐத் தாண்டியவர்களுக்கான மாஸ்டர்ஸ் என்று பிரிவுகள் உண்டு. மாஸ்டர்ஸ் என்றதும் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றை வாசிப்பதில் அவர்களிடம் இருபது வயதுக்காரன் நிற்க முடியாது.

எனக்கு நீச்சல் சுமாராத்தான் வரும். லைஃப் ஜாக்கெட் இருக்கே, போதாதா?

சுற்றுலாவுக்குப் போதும். போட்டிக்குப் போதாது. லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், ஆனால் எங்கே மிதக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. படகிலிருந்து விழுந்தால் முதலில் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். பாறை வந்தால் கால் தாங்கும். அப்புறம் பாதுகாப்பான இடம் தெரிந்ததும் கவிழ்ந்து குப்புற நீந்தி, ஓட்டத்தைக் குறுக்காக வெட்டிக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். இந்தப் புரளல் உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். அங்கே போய் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை.

இன்னொன்று: ஓடும் தண்ணீரில், முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்காதீர்கள். பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் உங்களை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களும் இதில் சேர்த்தி.

சரி, நேராவே கேக்குறேன். உயிருக்கு ஆபத்தா?

ஆபத்து இருக்கிறது. ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்பது சலசலப்பு. 6 என்பது தெரிந்தவர்களே கரையில் நடந்து கடந்துவிடும் இடம். டவுன்ரிவர் நடக்கும் ஆறுகளில் பெரும்பாலும் 3, 4 தரம்தான் இருக்கும். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்துப் பாயும் இடத்துக்கு ரேப்பிட் என்று பெயர். ஒவ்வொரு ரேப்பிடின் அடியிலும் கரையில் த்ரோ பேக் வைத்துக்கொண்டு ஆள் நிற்பார், தண்ணீரில் கயாக்காரர்கள் காத்திருப்பார்கள். துணிப்பைக்குள் சுருட்டித் திணித்த மிதக்கும் கயிறுதான் த்ரோ பேக். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசுவார்கள்.

பயப்பட வேண்டியது பெரிய அலைக்கு அல்ல. அலை நனைக்கும், சில சமயம் கவிழ்க்கும், பிறகு விட்டுவிடும். ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரம் விடாது. கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. அடியில் குடைந்துபோன பாறையும் அப்படித்தான். பார்ப்பதற்கு இரண்டும் சாதுவாக இருக்கும்.

நடைமுறையில் அடிக்கடி நடப்பது இதைவிடச் சின்ன விஷயம்: பல் உடைவது. துடுப்பின் மேல் முனையில் டி வடிவப் பிடி இருக்கும். அலையில் படகு துள்ளும்போது அந்தப் பிடியிலிருந்து கை நழுவினால் அது நேராகப் பக்கத்து ஆளின் வாயில் போய் இடிக்கும். எது நடந்தாலும் மேல் கையை எடுக்காதே என்று கைடுகள் கத்துவது இதற்காகத்தான்.

ரிஷிகேஷ்ல நாலஞ்சு தடவை போயிருக்கேன். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் எல்லாம் இறங்கியாச்சு. அடுத்து போட்டிதானே?

அந்த ரேப்பிடுகளில் உங்கள் படகை இறக்கியது பின்னால் உட்கார்ந்திருந்த கைடு. நீங்கள் 'ஃபார்வர்ட்' என்றால் போட்டீர்கள், 'ஸ்டாப்' என்றால் நிறுத்தினீர்கள். போட்டிப் படகில் கைடு கிடையாது. எந்தப் பக்கம் நுழைவது, எப்போது திருப்புவது, எங்கே விடாமல் இழுப்பது எல்லாம் உங்கள் குழுவின் தலைவலி. கார் ரேசில் ஓட்டுவதற்கும் ஷேர் ஆட்டோவில் போவதற்கும் உள்ள தூரம் அது.

அதற்காக அந்த அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. தண்ணீர் மேலே கொட்டும்போது உங்களுக்குப் பதற்றம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று தெரிந்திருக்கும். அடுத்த முறை போகும்போது கைடிடம் சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்காருங்கள். ஒவ்வொரு ரேப்பிடுக்கும் முன்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். அவர் அலையைப் பார்க்க மாட்டார். அதற்குப் பிறகு வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஒகேனக்கல் பக்கம். சின்ன வயசுலேர்ந்து பரிசல் போடுறேன். அது இதுக்கு உதவுமா?

பாதி உதவும், அந்தப் பாதி மற்றவர்களுக்கு வருவதற்கு வருடக்கணக்கில் ஆகும். தண்ணீரின் மேல்தோலைப் பார்த்து அடியில் பாறை இருக்கிறதா என்று சொல்வது, எங்கே சுழல் இழுக்கும், எங்கே ஓட்டம் கரையை நோக்கித் தள்ளும் என்பதெல்லாம் உங்களுக்குக் கண்ணிலேயே இருக்கும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் இடத்தை ராஃப்டிங்காரர்கள் 'எடி' என்பார்கள். பரிசல்காரர்கள் அதில் ஒதுங்கி நின்று மூச்சு வாங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

துடுப்பு வேலைதான் வேறு. பரிசலில் ஒருவர் நடத்துகிறார், அது சுற்றிக்கொண்டே போனாலும் குற்றமில்லை. ராஃப்டில் நான்கு பேரோ ஆறு பேரோ ஒரே தாளத்தில் போட வேண்டும். தனியாகப் போட்டுப் பழகிய கைக்கு அடுத்தவன் தாளத்துக்கு அடங்குவது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும்.

ஜிம்முக்குப் போய் கைய ஏத்திட்டா போதும்ல?

கையால் போட்டால் பத்தாவது நிமிடத்தில் கை காலி. நல்ல துடுப்புக்காரரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு பாதத்தை முன்னால் இருக்கும் குறுக்குக் குழாயின் அடியில் செருகியிருப்பார். இடுப்பிலிருந்து மேலே திரும்பி, எட்டும் வரை முன்னால் நீட்டி, துடுப்பின் இலை முழுவதும் மறையும்படி தண்ணீரில் குத்துவார். அதன் பிறகுதான் இழுப்பு. அந்த இழுப்பு முதுகிலிருந்தும் காலிலிருந்தும் வரும். கை வெறும் கயிறு. இலை இடுப்புக்கு நேராக வந்ததும் வெளியே எடுத்துவிடுவார். அதற்கும் பின்னால் இழுத்தால் தண்ணீரை மேலே வாரி இறைப்பீர்கள், படகு முன்னால் போகாது.

பயிற்சியில் பெரும்பகுதி தேங்கிய தண்ணீரில்தான். ஏரி, அணைக்கட்டு எதுவானாலும் சரி. ஐந்து நிமிடம் முழு வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, மறுபடி ஐந்து என்று நெஞ்சு படபடக்கப் போடுவது. படகு இல்லாத நாளில் ஓட்டம், நீச்சல், புல்-அப். போட்டியில் கடைசி வரை ஒரே பக்கம்தான் துடுப்பு போடுவீர்கள் என்பதால் பயிற்சியில் பக்கம் மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் முதுகு ஒரு பக்கமாகவே வளைந்து பழகிவிடும்.

போட்டியை ஜெயிக்கிறது எங்கே? பெரிய ரேப்பிட்ல தைரியமா இறங்குறவன்தானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. பெரிய ரேப்பிடுக்குள் படகை இழுத்துப் போவது ஆறு. தவறு செய்யாத எல்லாக் குழுவும் அங்கே ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போவார்கள். ஒவ்வொரு ரேப்பிடும் முடிந்ததும் ஒரு மடு வரும். ஆழமாக, அமைதியாக, சில இடங்களில் தண்ணீர் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அங்கே படகை நகர்த்துவது நீங்கள் மட்டும்தான். அலையிலிருந்து தப்பித்த நிம்மதியில் நான்கு பேரும் ஒரு மூச்சு விட்டுத் துடுப்பைத் தளர்த்துவார்கள் பாருங்கள், அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் போட்டி கை மாறுகிறது. ஒரு டவுன்ரிவரில் எத்தனை மடு என்று எண்ணிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளமும் இங்கேதான் காசாகும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தாளம் வைப்பார், பின்னால் இருப்பவர்கள் அவர் தோளைப் பார்த்துப் போடுவார்கள். எல்லா இலையும் ஒன்றாக விழுந்தால் படகு ஒரு முறை எம்பி, சறுக்கி, அடங்குவதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும். ஒருவர் தாமதித்தால் அவர் மட்டும் தனியாகப் படகை இழுக்கிறார், மற்ற மூவர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். பலசாலிகள் நான்கு பேரைவிட ஒருவரையொருவர் அறிந்த நான்கு பேர் முன்னால் போவதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

ரேப்பிடிலும் தந்திரம் உண்டு, இல்லாமல் இல்லை. நடுவோட்டம்தான் வேகம், ஆனால் நட்டநடு அலைகள் உயரமாக இருந்தால் மூக்கு அவற்றில் மோதி மோதி நின்றுவிடும். அலைகளின் தோளை ஒட்டி, வேகத் தண்ணீரிலேயே, ஆனால் உச்சியைத் தவிர்த்துப் போவார்கள். வளைவில் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டலாம் என்று ஆசை வரும். அங்கே எடி காத்திருக்கும், படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும். ஸ்பான்சர்கள் கேட்பது அலையில் பாயும் போட்டோதான். மடுவில் வாயைப் பிளந்துகொண்டு இழுக்கும் நான்கு பேரை யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

படகு நாமளே தூக்கிட்டுப் போகணுமா?

வேண்டாம். படகு நடத்துபவர்களே தருவார்கள், எல்லோருக்கும் ஒரே வகை. தரையில் துளைகள் இருப்பதால் உள்ளே விழும் தண்ணீர் தானாக வெளியேறிவிடும். நீங்கள் கொண்டுபோவது துடுப்பு, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், குளிர் ஆறாக இருந்தால் வெட்சூட். துடுப்பை மட்டும் கடன் வாங்காதீர்கள். நீளம் இரண்டு அங்குலம் மாறினாலும் தோள் கண்டுபிடித்துவிடும். படகு கைக்கு வந்ததும் காற்றைச் சரிபாருங்கள்: வெயிலில் இறுகும், குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தொய்யும். தொய்ந்த படகை ஓட்டுவது மெத்தையைத் தண்ணீரில் தள்ளுவது போலத்தான்.

நடுவுல தாகம் எடுத்தா?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்தில் துடுப்பை விட்டுவிட்டுப் பாட்டிலைத் தேட நேரமில்லை. முதல் நாளே நன்றாகத் தண்ணீர் குடித்துவிடுங்கள். காலையில் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வயிறு கனக்காத அளவுக்கு இட்லியோ சோறோ எது கிடைக்கிறதோ அது. புது ஊரின் புதுச் சாப்பாட்டைப் போட்டி முடிந்த பிறகு ருசி பாருங்கள்.

கவுந்துட்டா அவுட்டா?

அவுட் இல்லை, நேரம்தான் போகும். படகைப் புரட்டி நிமிர்த்தி, எல்லோரும் ஏறி, ஓட்டத்தைத் தொடரலாம். குழு முழுவதும் சேர்ந்து முடிப்பதுதான் கணக்கு. ஒருவர் விழுந்துவிட்டால் 'எல்லையில் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது.

போட்டிக்காரர்கள் இடுப்பில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். கவிழ்ந்த படகின் மேல் ஏறி, அந்தப் பட்டையை ஓரக் கயிற்றில் கொக்கி போட்டு, எதிர்ப்பக்கம் நின்று மல்லாந்து சாய்ந்தால் படகு புரண்டுவிடும். சாய்ந்தவர் தண்ணீரில் விழுவார், முதலில் ஏறியவர் அவரை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொள்வார். பழகிய குழு இதைப் பேச்சே இல்லாமல் செய்துவிடும். பழகாத குழுவில் முதலில் நடப்பது யாரால் கவிழ்ந்தது என்ற விசாரணை.

முன்னாடி போற படகை இடிச்சுட்டுப் போலாமா?

சில ஆறுகளில் பல படகுகள் ஒன்றாகக் கிளம்பும், இடம் குறுகலாக இருந்தால் இடைவெளி விட்டு விடுவார்கள். எப்படிக் கிளம்பினாலும் நடுவில் ஒருவரையொருவர் பிடிப்பது நடக்கும். படகும் படகும் உரசுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துடுப்பால் அடிப்பது, அடுத்த படகின் கயிற்றைப் பிடித்து இழுப்பது, ஆளைத் தள்ளுவது இதெல்லாம் குற்றம், கரையில் நடுவர்கள் நிற்கிறார்கள்.

புத்திசாலிகள் ரேப்பிடுக்குள் முந்த மாட்டார்கள். முன்படகின் பின்னாலேயே, அது கிளப்பும் அலையை ஒட்டி வந்து, மடுவில் முந்துவார்கள். ஏன் மடுவில் என்பதற்கு மேலே 'ஜெயிக்கிறது எங்கே' என்ற பதிலைப் பாருங்கள்.

எதிர் டீம் ஆள் ஒருத்தர் தண்ணில அடிச்சுட்டுப் போறார். நாங்க நிறுத்தினா எங்க தங்கம் போயிடுமே?

நிறுத்தித்தான் ஆக வேண்டும். உண்மையான ஆபத்தில் இருப்பவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போன குழுவைத் தகுதி நீக்கம் செய்ய விதி இருக்கிறது. ஆனால் ஒன்று: விழுந்த எல்லோரும் ஆபத்தில் இல்லை. கட்டை விரலைத் தூக்கியோ தலையைத் தட்டியோ 'நான் நல்லா இருக்கேன்' என்று சைகை காட்டுபவரை அவருடைய குழுவோ மீட்புக் கயாக்கோ பார்த்துக்கொள்ளும். சைகை இல்லை, முகம் தண்ணீருக்குள் போய்ப் போய் வருகிறது என்றால் யோசிக்காமல் திரும்புங்கள். நடந்ததைப் பிறகு நடுவரிடம் சொல்லுங்கள்.

முதல் மூணு போட்டியும் சொதப்பிட்டோம்னு வைங்க. டவுன்ரிவர் ஜெயிச்சா மொத்தமா தங்கம் வருமா?

டவுன்ரிவருக்கே தனிப் பதக்கம் உண்டு, அது உங்களுடையது. ஒட்டுமொத்தத் தங்கம் அநேகமாக வராது. 400 பெரிய எண்தான், ஆனால் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களுக்கும் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மற்ற மூன்றிலும் மேலே இருந்த ஒரு குழு டவுன்ரிவரில் நாலாவதாக வந்தாலும் மொத்தத்தில் உங்களுக்கு மேலேதான் நிற்கும். தங்கம் வாங்குபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் முதல் சிலருக்குள் வந்தவர்களே.

டவுன்ரிவரால் வேறொன்று நடக்கும். மேலே ஒட்டி ஒட்டி நிற்கும் மூன்று குழுக்களின் வரிசையை அது கலைத்துவிடும். அதனால்தான் கடைசி நாள் வரை யாரும் சிரிப்பதில்லை.

ரெண்டு உலக சாம்பியன்ஷிப் நடக்குதாமே? எது அசல்?

ஐ.ஆர்.எஃப். பற்றி மேலே சொன்னேன். பின்னாளில் உலக ராஃப்டிங் கூட்டமைப்பு (டபிள்யூ.ஆர்.எஃப்.) என்று இன்னொன்று வந்தது, அதுவும் உலக சாம்பியன்ஷிப் நடத்துகிறது. பிரிவுகள் கிட்டத்தட்ட ஒன்றே. ஹெட் டு ஹெட்டுக்குப் பதிலாக அவர்களிடம் ஆர்.எக்ஸ். என்று ஒன்று. எது அசல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வீரர்களுக்கு இதனால் நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை, நல்ல குழுக்கள் இரண்டு இடத்திலும் பிரிந்து கிடக்கின்றன. நீங்கள் தேர்வுக்குப் போகும்போது அது எந்த அமைப்பின் போட்டிக்கான தேர்வு என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுல எங்கே பழகுறது?

ஆண்டு முழுவதும் ஓடும் ராஃப்டிங் ஆறு நம்மிடம் இல்லை. மேலே சொன்ன தேங்கிய தண்ணீர்ப் பயிற்சிக்கு ஊரிலேயே இடம் கிடைக்கும், அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாயும் தண்ணீரில் பழகக் கர்நாடகத்தின் குடகில் பாராபொளே ஆறு, மழைக்காலத்தில் மட்டும். அதே மாநிலத்துத் தாண்டேலியில் காளி ஆறு, அங்கே மேலே இருக்கும் அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் ஆட்டம். கங்கையில் ரிஷிகேஷ் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை. ஜூலை, ஆகஸ்டில் மழைக்காக மூடிவிடுவார்கள். இலங்கைத் தமிழர்களுக்குக் கித்துல்கல பக்கம் களனி ஆறு, மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சிலாங்கூரின் கோல குபு பாரு, பேராக்கில் கோப்பெங். மூன்று நாட்டுத் தமிழர்களில் ஆறு பக்கத்தில் இருப்பது நமக்குத்தான் குறைவு.

செலவு யார் தருவா?

பெரும்பாலும் நீங்கள்தான். விமான டிக்கெட், பதிவுக் கட்டணம், தங்குமிடம், துடுப்பு. விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது: 'ஐரோப்பாதானே' என்று எல்லோரும் ஷெங்கன் விசாவை மட்டும் நினைக்கிறார்கள். போஸ்னியா ஷெங்கன் வட்டத்தில் இல்லை, அதன் நுழைவு விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று சின்ன எழுத்துகளை வாசியுங்கள். அநேகமாக இருக்கும், கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்க்க வேண்டும்.

ரெண்டு நாளா ஆத்தைப் பார்த்து வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியாச்சு. போட்டியன்னைக்குத் தண்ணி மாறிட்டா?

மாறும். டல்லி மாதிரி ஆறுகளில் மேலே இருக்கும் நீர்மின் நிலையம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் தண்ணீர், அதனால் ஓரளவு கணிக்கலாம். இயற்கையாக ஓடும் ஆற்றில் முந்தின இரவு மலையில் பெய்த மழை காலையில் வந்து நிற்கும். அரை அடி ஏறினால் நேற்று தலைநீட்டிய பாறை இன்று அடியில் மறைந்து, அதன் பின்னால் தண்ணீர் உருண்டு திரும்பி விழும் குழியாக மாறியிருக்கும். அந்தக் குழி படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேற்றுப் பாறையைச் சுற்றிப் போன வழி இன்று நேராகக் குழிக்குள் போகலாம்.

ஆகவே வழியை மனப்பாடம் செய்யாதீர்கள், அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். கரையில் அசையாத ஒரு பெரிய கல்லைத் தேர்ந்து, தண்ணீர் அதில் எதுவரை நிற்கிறது என்று தினமும் மாலையும் காலையும் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் எந்த ரேப்பிட் கடினமாகும், எது தண்ணீருக்குள் அமுங்கிக் காணாமல் போகும் என்று உள்ளூர் கைடுகளிடம் கேளுங்கள். சொல்வார்கள். போட்டிக்காரர்களைவிட அவர்களுக்கு அந்த ஆறு தெரியும், கேட்டால் பெருமையாகவும் சொல்வார்கள்.

நான் கண்ணாடி போடுறவன். கழட்டிட்டு இறங்கணுமா?

கழற்றினால் அலை எங்கே, பாறை எங்கே என்று தெரியாதே. பின்னால் இறுக்கிக் கட்டும் மிதக்கும் பட்டையோடு போட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் முதல் பெரிய அலையிலேயே போய்விட வாய்ப்பு உண்டு. மாற்றுக் கண்ணாடி ஒன்றைப் போட்டி முடியும் இடத்துக்குப் போகும் பையில் மறக்காமல் வையுங்கள், கிளம்பும் இடத்துப் பையில் அல்ல.